இடது காலால் சீய்த்த மண்

ஆல்டர் ஃபால்ஸ், விஸ்கான்சின்
நவம்பர் 12, 1921

அன்புள்ள ஹால்வர் அண்ணனுக்கு,

ராக்னா எழுதுகிறேன். பனி விழுந்ததும் அம்மாவுக்கு இடுப்பு வலி வழக்கம்போல வந்துவிட்டது. மற்றபடி வீட்டில் எல்லோரும் உடம்பளவில் சுகம். மனசைப் பற்றிக் கேட்பாயானால் அதற்குத்தான் இந்தக் கடிதம். நீயும் வயோலா அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முழங்கால்கள் தேவலையா?

ஆர்விட் போன செவ்வாய்க்கிழமை ரயிலில் வந்து இறங்கினான். ஸ்டேஷனுக்கு நான் மட்டும்தான் போனேன். இரண்டு வருடம் முன்னால் அவன் உன்னுடைய போர்ட் எட்னா பேஸ்பால் அணியில் பந்து எறியும் பிட்சராகச் சேர்ந்தபோது இதே ஸ்டேஷனில் வாத்தியம் முழக்கி அனுப்பினார்களே, அப்போது டிரம் அடித்த ஓலாஃப் இந்தத் தடவை அவனைக் கண்டதும் சாமான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ரொம்ப மரியாதைக்காரன்.

பேப்பரில் வந்ததை ஊரே மனப்பாடம் பண்ணிவிட்டது. செப்டம்பரில் கேஸ்வெல் அணியிடம் ஒன்பதுக்கு இரண்டு என்று தோற்றீர்களே, அந்த ஆட்டத்தை நம் ஆர்விட் சூதாடிகளுக்கு விற்றுவிட்டானாம். ஆயுசுக்கும் அவன் பேஸ்பால் ஆடக் கூடாது என்று லீக் தலைவர் ஹாலோவே உத்தரவு போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து காபி கொடுத்தார்கள். மிஸஸ் எங்கெல்ஸ்டாட் பிஸ்கட் தட்டை வரிசையாக நீட்டிக்கொண்டே வந்தவள், ஆர்விட் முன்னால் மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள். அம்மா எழுந்து நொண்டிக்கொண்டே போய் அந்தத் தட்டையே வாங்கி வந்து அவன் மடியில் வைத்தாள். "தின்னு" என்றாள். அவனும் ஒன்று விடாமல் தின்றான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அவனுக்கு மர ஆலையில் பலகை இழுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்றும் பேசுவதில்லை. அவனிடம் இருந்த புது கோட்டு சூட்டைத்தான் விசாரணையில் சாட்சியாக வைத்தார்களாமே? சூதாடி ஒருவனுடைய தையல்காரன் இவன் அளவுக்குத் தைத்ததாமே? "யாருடா குடுத்தா?" என்று நானும் கேட்டேன். "சூட்டு சூட்டுதான்" என்கிறான். விசாரணையிலும் வாயைத் திறக்கவில்லையாம்.

அண்ணா, நீ கேட்சர். அவன் எறிந்த பந்தெல்லாம் உன் கையில்தானே வந்து விழுந்தது? உனக்குத் தெரியாமல் அவன் எப்படி ஓர் ஆட்டத்தை விற்றிருக்க முடியும்? எனக்குப் புரியவில்லை. புரியும்படி எழுது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். குளிரில் வெறும் தலையோடு திரியாதே.

உன் தங்கை,
ராக்னா

போர்ட் எட்னா
டிசம்பர் 4, 1921

அன்புத் தங்கை ராக்னாவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே நானும் வயோலாவும் சௌக்கியம். அம்மாவின் இடுப்புக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு. டாக்டர் கொடுக்கும் எண்ணெயைவிட அது மேல்.

இங்கே ஏரி இன்னும் உறையவில்லை. துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் இடத்தில் எனக்கு மார்ச் வரை வேலை. வயோலா ஜன்னல்களுக்குப் புதுத் திரை போட்டிருக்கிறாள், நீலத்தில் வெள்ளைப் பூ. பக்கத்து வீட்டு நாய் செத்துப்போய்விட்டது.

ஆர்விட் விஷயத்தில் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சில நாள் எந்த பிட்சருக்கும் கை ஓடாது, அன்று அவனுக்கு ஓடவில்லை. அதற்கு மேல் என்ன சொல்வது? காலம் போனால் எல்லாம் ஆறும். வசந்தம் வந்ததும் பக்கத்து மாவட்டங்களில் எங்காவது வேறு பெயர் வைத்துக்கொண்டு ஆடச் சொல். சின்ன ஊர் அணிகளில் யார் பார்க்கப் போகிறார்கள்? கையைச் சும்மா விட்டால் கெட்டுப்போகும்.

அவனுக்கு ஒரு கம்பளிக் கழுத்துத் துணியும், கூடவே பத்து டாலரும் வைத்திருக்கிறேன். என் பெயரைச் சொல்லாமல் கொடுத்தாலும் சரி.

அம்மாவுக்கு என் அன்பு.

அண்ணன்,
ஹால்வர்

ஆல்டர் ஃபால்ஸ்
ஜனவரி 9, 1922

அன்புள்ள அண்ணனுக்கு,

புது வருட வாழ்த்து. உப்பு ஒத்தடம் அம்மாவுக்குக் கேட்டது, நீ நன்றாக இருக்க வேண்டும் என்றாள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். திரைத்துணி என்ன நிறம் என்று தெரிந்தது. செத்த நாயைப் பற்றித் தெரிந்தது. சூட்டைப் பற்றித்தான் ஒரு வார்த்தையும் காணோம். நான் கேட்டதை மறந்துவிட்டாயா, இல்லை என் கையெழுத்து அந்த வரியில் மட்டும் கோணலாக இருந்ததா?

கழுத்துத் துணியை அவன் போட்டுக்கொள்கிறான். பத்து டாலர் இந்த உறைக்குள்ளேயே திரும்பி வருகிறது. உன் பெயரை நான் சொல்லவில்லை, அவனே கண்டுபிடித்துவிட்டான். எங்கள் பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணன் என்ன எழுதியிருக்கான்?"

"அங்க குளிராம்."

"இருக்கும்."

"ஒன்ன வேற பேர்ல ஆடச் சொல்றான்."

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தான். "என் பேருக்கு என்னக்கா கொறச்சல்?" என்றான்.

சாயங்காலம் ஆலையிலிருந்து வந்ததும் கொட்டகைப் பின்சுவரில் உருளைக்கிழங்கை எறிகிறான். பந்தைத்தானே தொடக் கூடாது என்றார்கள், கிழங்கைப் பற்றி யாரும் சொல்லவில்லையாம். அம்மா திட்டவில்லை. உடைந்த கிழங்கையெல்லாம் பொறுக்கி வந்து சூப் வைக்கிறாள். இந்த மாதம் முழுக்க நாங்கள் அதைத்தான் குடிக்கிறோம்.

சூட்டைப் பற்றி எழுது.

தங்கை,
ராக்னா

ஆல்டர் ஃபால்ஸ்
மே 22, 1922

அண்ணனுக்கு,

நாலு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆட்டங்கள் தொடங்கிவிட்டன, நீயும் ஆடுகிறாய் என்று பேப்பரில் பார்த்துத்தான் நீ உயிரோடு இருப்பதைத் தெரிந்துகொண்டோம். அம்மா நடமாடுகிறாள். நான் வெண்ணெய்க் கூடத்தில் பெட்டிக்கு முத்திரை குத்திக் குத்தி வலது தோளில் மட்டும் பயில்வான் ஆகிவிட்டேன்.

நீ சொன்ன யோசனையை அவன் செய்து பார்த்தான். போன ஞாயிற்றுக்கிழமை டன்மோரில் ஆட்டம். பெயர் பீட்டர் சாண்ட் என்று சொன்னானாம். மூன்று இன்னிங்ஸ் வரை ஒருத்தனாலும் பந்தைத் தொட முடியவில்லை. நாலாவதில் எதிரணிக்காரன் ஒருவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு, "டேய், இவன் போர்ட் எட்னா லோக்கென்டா! இவன்கூட ஆடினா நம்மளையும் சேத்துத் தள்ளிடுவாங்கடா!" என்று நம் குடும்பப் பெயரைச் சொல்லிக் கத்தினான். இரண்டு அணியும் மைதானத்தை விட்டு வெளியே போய்விட்டது. இவன் பக்கத்து ஆட்களும்தான். நடுவில் இவன் மட்டும் பந்தோடு நின்றிருக்கிறான். பதினோரு மைல் நடந்தே வீட்டுக்கு வந்தான்.

பூட்ஸைக் கழற்றும்போது நான் தாங்க முடியாமல் கேட்டேன். "நீ வித்தியா இல்லையா? இன்னிக்காவது சொல்லித் தொலை!"

"விக்கலக்கா."

"பின்ன யாரு?"

சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "ஏழாவது இன்னிங்ஸ்ல அண்ணன் ரெண்டு வெரல் காட்டினான். நான் வேணும்னே வேகப்பந்து போட்டேன். அவ்ளோதான் நான் பண்ண தப்பு" என்றான்.

எனக்கு இது விளங்கவில்லை. நீ கேட்ட பந்தைப் போடாமல் அவன் ஏன் வேண்டுமென்றே மாற்றிப் போட வேண்டும்? மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? உனக்குத் தெரியாமலிருக்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ராக்னா

கேஸ்வெல், ஓட்டலில் இருந்து
ஜூன் 8, 1922

ராக்னாவுக்கு,

நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

வளைபந்துக்காகக் கை வைத்துக் காத்திருக்கும்போது வேகப்பந்து வந்தால் கேட்சரின் விரல் ஒடியும். எனக்கு ஒடிந்தது, வலது கை நடுவிரல். அவன் என் சைகையைத் தப்பாகப் பார்த்துவிட்டான் என்றுதான் ஒன்பது மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேண்டுமென்றே என்றா சொன்னான்? அந்த வார்த்தையையேவா சொன்னான்?

இன்னும் எழுத வேண்டியது இருக்கிறது. இன்றைக்கு முடியவில்லை.

ஹால்வர்

ஆல்டர் ஃபால்ஸ்
ஜூன் 14, 1922

அம்மா நலம். ஆர்விட் நலம். அந்த வார்த்தையையேதான் சொன்னான்.

எழுது.

ராக்னா

போர்ட் எட்னா
ஜூன் 30, 1922

ராக்னாவுக்கு,

அம்மாவுக்கும் ஆர்விட்டுக்கும் உடம்பு சுகமாக இருக்கட்டும். என் சுகத்தை நீ விசாரிக்க வேண்டாம்.

உனக்கு ஆட்டம் தெரியும். ஆனாலும் ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன், விட்டால் அதில் ஒளிந்துகொள்வேன். பிட்சர் என்ன பந்து போட வேண்டும் என்பதைக் கேட்சர்தான் சொல்வான். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திக்கொண்டு தொடைக்கு நடுவே விரல் காட்டுவான். ஒரு விரல் வேகப்பந்து, இரண்டு விரல் வளைபந்து. பிடிக்காவிட்டால் பிட்சர் தலையாட்டி மறுக்கலாம். எது வரப்போகிறது என்று மட்டைக்காரனுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டால் எவ்வளவு பெரிய பிட்சராக இருந்தாலும் பிழைக்க முடியாது.

அன்று கேஸ்வெல் ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. நான்தான் தெரியப்படுத்தினேன். வளைபந்து கேட்டதும் இடது காலால் மண்ணை ஒரு தடவை சீய்ப்பேன். முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டால் வளைபந்து, கேட்காவிட்டால் வேகப்பந்து. அவர்களில் மூன்று பேருக்கு மட்டும் சூதாடிகள் சொல்லி வைத்திருந்தார்கள். மூன்று பேர் போதும்.

முப்பத்து நாலு வயதில் முழங்கால் போன கேட்சரை அடுத்த வருடம் யார் எடுப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். புகையிலைக் கடையில் ஸ்டோடார்ட் என்று ஒரு சூதாடி பணத்தோடு வந்தான். "ஒரே ஒரு ஆட்டம்யா. நீங்க ஜெயிச்சாலும் நாலாவது எடம், தோத்தாலும் நாலாவது எடம். யாருக்கு என்ன போச்சு?" என்றான். நானும் அதையே எனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல நியாயமாகத்தான் தோன்றியது.

இனி எழுதப்போவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. எந்த நாள் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை ஸ்டோடார்ட் எனக்கே கொடுத்தான். திங்கட்கிழமை எங்கள் அணியின் இன்னொரு பிட்சர் கார்மைக்கேல் எறிவான். அவன் கிழட்டு நரி, நான் காட்டுவதில் பாதியை மறுப்பான், என் கால் அசைந்தால் கூடக் கவனிப்பான். செவ்வாய்க்கிழமை ஆர்விட். ஆர்விட் என் விரலை ஒருநாளும் மறுத்ததில்லை. பத்து வயதில் நம் கொட்டகைப் பின்னால் எறிய ஆரம்பித்த நாளிலிருந்து மறுத்ததில்லை. நான் செவ்வாய்க்கிழமை என்றேன்.

போட்ட பந்தெல்லாம் அடிபட அடிபட அவன் நிற்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு அடிக்கும் பிறகு, தப்பு தன்மேல்தான் என்பதுபோல என்னைப் பார்த்துத் தலையை அசைப்பான். ஏழாவது இன்னிங்ஸில் என் விரல் ஒடிந்தது, மட்டைக்காரன் காற்றை அடித்தான். ஆர்விட் சைகையைத் தவறவிட்டுவிட்டான் என்று நினைத்து, "பரவால்லடா தம்பி" என்று நான் அவனுக்கு ஆறுதல் சொன்னேன்.

மறுநாள் மனசு அரித்தது. சீசன் கடைசியில், போட்டி அணியைத் தோற்கடித்துக் கொடுத்த பிட்சருக்கு, அதனால் லாபமடைந்த அணிக்காரர்கள் சூட் தைத்துக் கொடுப்பது எங்களுக்குள் வழக்கம். பழைய வழக்கம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆகஸ்டில் ஆர்விட் ஜெயித்த ஓர் ஆட்டத்துக்காக வந்ததாகச் சொல்லி ஒரு சூட் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளாமல் சும்மா பார்த்துக்கொண்டே நின்றான். நான்தான் அவன் தோளில் போட்டேன். ஸ்டோடார்ட் சொன்ன தையல்காரனிடமே தைத்திருந்தேன், கூலியை ஸ்டோடார்டே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். எவ்வளவு பெரிய முட்டாள்! தையல்காரன் நோட்டில் லோக்கென் என்ற பெயரும் ஆர்விட்டின் அளவும் ஸ்டோடார்டின் பெயரும் ஒரே வரியில் இருந்தன. தம்பியைக் குளிப்பாட்டிச் சுத்தம் செய்ய நினைத்து, என் சேற்றையே எடுத்து அவன்மேல் பூசிவிட்டேன்.

என்னை விசாரித்தபோது, "வித்தியாசமா எதுவும் கவனிச்சீங்களா?" என்று ஹாலோவே கேட்டார். "எனக்குத் தெரியாது" என்றேன்.

வரும் வாரம் அவரிடம் போகிறேன். வயோலாவுக்குச் சொல்லிவிட்டேன். ஜன்னல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இன்னும் பேசவில்லை.

ஹால்வர்

ஆல்டர் ஃபால்ஸ்
ஜூலை 9, 1922

ஹால்வருக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை, மன்னித்துக்கொள். அம்மாவுக்கு உடம்பு பரவாயில்லை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆர்விட்டிடம் படித்துக் காட்டினேன். செவ்வாய்க்கிழமை என்ற இடம் வந்ததும் எழுந்து வெளியே போய் விறகு பிளந்தான். ஒரு குளிர்காலத்துக்கு ஆகும் விறகை ஒரே சாயங்காலத்தில் பிளந்தான். பிறகு வந்து கை கழுவிக்கொண்டே, "மூணாவது இன்னிங்ஸ்லயே எனக்குக் காதுல விழுந்துச்சுக்கா, அந்த மண்ணு சத்தம். நம்பல. ஆறாவதுலதான் நம்பினேன்" என்றான்.

நான் கத்தினேன். "தெரிஞ்சும் ஏண்டா வாய மூடிக்கிட்டு இருந்த? ஊர் முழுக்க உன்னத் திருடன்னு சொல்லுதேடா!"

"அவனே சொல்லுவான்னு நெனச்சேன்" என்றான்.

எனக்கு உன்னை அடிக்க வேண்டும் போல இருக்கிறது. சின்ன வயதில் நீ என் ஜடையை மெழுகுவத்தியில் காட்டி எரித்தபோது அடித்தேனே, அப்படி. போ, அந்த ஹாலோவேயிடம் போய்ச் சொல். ஆர்விட் பெயரைத் திருப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் எனக்குக் கடிதம் எழுது.

ராக்னா

போர்ட் எட்னா
ஜூலை 28, 1922

ராக்னாவுக்கு,

எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

சொல்லிவிட்டேன். ஹாலோவே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மதியத்துக்குள் என் பெயரைப் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள், என் பையை வாசலுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. படிகளில் இறங்கும்போது முழங்கால்கூட வலிக்கவில்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, நிதானமாகப் படி. இந்த வருடம் புது விதி போட்டிருக்கிறார்கள். ஆட்டத்தை விற்கிறவன் மட்டுமல்ல, விற்கிறார்கள் என்று தெரிந்தும் மேனேஜரிடம் சொல்லாமல் இருந்தவனும் ஆயுசுக்கும் வெளியே. பழைய ஆட்டங்களுக்கும் அது செல்லுமாம். ஆர்விட்டை ஆகஸ்ட் 17ஆம் தேதி மறுபடி கூப்பிடுகிறார்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள், அண்ணன் செய்தது உனக்கு அப்போதே தெரியுமா என்று. தெரியாது என்று சொன்னால் அன்றைக்கே அவனைச் சேர்த்துக்கொள்வார்கள். ஹாலோவேயே அரைகுறையாக என்னிடம் சொன்னார். அவனுக்குத் தெரியும் என்பதற்கு என் ஒடிந்த விரல்தான் சாட்சி, அந்த விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

அவனுக்கு இருபத்து நாலு வயதுதான். இன்னும் பத்து வருடம் எறியலாம். அவன் காலில் விழுந்து கேட்டதாகச் சொல். ஒரே ஒரு "தெரியாது". அதன் பாவமும் என் கணக்கிலேயே சேரட்டும்.

ஹால்வர்

ஆல்டர் ஃபால்ஸ்
ஆகஸ்ட் 20, 1922

அண்ணனுக்கு,

நாங்கள் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டோம். ரயில் புகையில் எனக்கு இருமல். மற்றபடி சுகம்.

நீ எழுதியதை ஒரு வார்த்தை விடாமல் அவனிடம் சொன்னேன். நானும் கெஞ்சினேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவளையும் கெஞ்ச வைத்தேன். சின்ன வயதில் நாம் பொய் சொன்னால் நாக்கில் சோப்பு தேய்த்தவள், "சொல்லிடுடா கண்ணு" என்றாள். போகும் வழியெல்லாம் அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

என்னையும் உள்ளே உட்காரவிட்டார்கள். ஹாலோவே கெட்டவர் இல்லை. கேள்வியைக் கேட்கும்போதே பதிலை எடுத்துக் கொடுப்பதுபோலக் கேட்டார். "ஒங்க அண்ணன் பண்ணது ஒங்களுக்கு அப்ப தெரிய வாய்ப்பே இல்ல, அப்படித்தானே தம்பி?"

ஆர்விட் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். "தெரியுங்க" என்றான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஆறாவது இன்னிங்ஸ்லேர்ந்து தெரியுங்க."

"அப்ப ஏன் மேனேஜர்கிட்ட சொல்லல?"

"அவரு எங்க அண்ணங்க."

"அது பதில் இல்ல, தம்பி."

"எங்கிட்ட இருக்கிற பதில் அதாங்க."

ஹாலோவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தடை அப்படியே நிற்கிறது. ஆனால் ஆட்டத்தை விற்றவன் அவன் இல்லை என்று தனியாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் கேட்டு வாங்கினேன். நம் ஊர் பேப்பரில் அது நேற்று வந்துவிட்டது. ஓலாஃப் வீட்டுக்கே வந்து கை குலுக்கினான். மிஸஸ் எங்கெல்ஸ்டாட் ஒரு கேக் அனுப்பியிருந்தாள், அம்மா கோழிக்குப் போட்டுவிட்டாள்.

திரும்பி வரும்போது ரயிலில் நான் அழுதேன். "ஒரு வார்த்தடா! 'தெரியாது'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அடுத்த வாரம் நீ பந்து எறிஞ்சிருப்பே!"

"அந்த வார்த்தைய அண்ணன் ஒரு தடவ சொல்லிப் பாத்துட்டான்ல? போதும்க்கா" என்றான்.

நீ வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருந்தாயாமே, அம்மாவுக்கு எழுதிய அட்டையில்? அதற்கு ஆர்விட்டே பதில் எழுதுகிறானாம்.

ராக்னா

ஆல்டர் ஃபால்ஸ்
செப்டம்பர் 3, 1922

அண்ணனுக்கு,

ஆர்விட் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, அக்கா மாதிரி வராது. நீயும் அண்ணியும் சுகமா? விரல் குளிரில் வலித்தால் ஆட்டுக் கொழுப்பு தடவு.

ஆலையில் என்னை மேஸ்திரி ஆக்கியிருக்கிறார்கள். பரவாயில்லை.

நீ மண்ணைச் சீய்த்ததில் எனக்கு இப்போது கோபமில்லை. பயத்தில் செய்தாய். நானும் பயத்தில் உன் விரலை உடைத்தேன். செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்ததுதான் கொஞ்ச நாள் தூங்கவிடவில்லை. அதுவும் போய்விட்டது. வேறு ஒன்று மட்டும் போக மாட்டேன் என்கிறது. அதைக் கேட்டுவிடுகிறேன்.

முதல் விசாரணை அன்று உன்னை முதலில் கூப்பிட்டார்கள். முடிந்ததும் வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் இருக்கச் சொன்னதாக எழுத்தர் சொன்னார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, சூட்டை யார் கொடுத்தது என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் கேட்டார்கள். நீ பெஞ்சில் இருக்கிறாய், எல்லாம் உனக்குக் கேட்டுக்கொண்டிருக்கும், எழுந்து வந்து சொல்லிவிடுவாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் முதுகுக்குப் பின்னால் கதவு மூன்று தடவை திறந்தது. முதல் தடவை திரும்பிப் பார்த்தேன், தண்ணீர்க் குடம் கொண்டுவந்த ஆள். இரண்டாவது தடவையும் பார்த்தேன், எழுத்தர். மூன்றாவது தடவை யாரோ திறந்து, கொஞ்ச நேரம் நின்று, உள்ளே வராமல் மூடிவிட்டார்கள். அப்போது நான் திரும்பவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் நீ எனக்காகத்தான் சொல்கிறாய் என்று ஆகிவிடும், நீயாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அது நீதானா? அதை மட்டும் எழுது. அதற்குப் பிறகு நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம். அம்மாவும் காத்திருக்கிறாள்.

தம்பி,
ஆர்விட்

போர்ட் எட்னா
செப்டம்பர் 16, 1922

என் தம்பி ஆர்விட்டுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். அம்மாவும் ராக்னாவும் நன்றாக இருக்க வேண்டும். இங்கே வயோலா நேற்றுத்தான் என்னோடு பேச ஆரம்பித்தாள், நிலக்கரி தீர்ந்துவிட்டது என்றாள்.

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. ஆமாம், நான்தான் என்று ஒரு தாள் நிறைய எழுதினேன். கதவைத் திறந்தேன், உன் முதுகைப் பார்த்தேன், நீ திரும்பியிருந்தால் சொல்லியிருப்பேன், தைரியம் வராமல் மூடிவிட்டேன் என்றெல்லாம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கண்ணீர் வந்தது. நீ அதை அப்படியே நம்பியிருப்பாய். நான் எதைக் காட்டினாலும் நம்புகிறவன்தானே நீ. அதனாலேயே அந்தத் தாளை அடுப்பில் போட்டுவிட்டேன்.

அது நான் இல்லை. என்னைப் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. உன்னை உள்ளே கூப்பிடுவதற்கு முன்னாலேயே படியிறங்கி ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். அந்தக் கதவைத் திறந்தது யார் என்று எனக்குத் தெரியாது. நீ உள்ளே பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் ரயிலில் முட்டையும் ரொட்டியும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு நன்றாகப் பசித்தது.

அண்ணன்,
ஹால்வர்